முட்டிக்கு மேலே நாலு விரல்

"கை இல்லன்னா காலர் இருக்கணும். காலர் இல்லன்னா கை இருக்கணும். ரெண்டும் இல்லன்னா உள்ள விடமாட்டோம்."

"ரெண்டும் இருந்தா?"

"ரெண்டும் இருந்தா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்கம்மா."

"ஜீன்ஸ்?"

"கூடாது. லெக்கின்ஸும் கூடாது. ஸ்கர்ட்னா முட்டிக்கு மேல நாலு விரல். அதுக்கு மேல ஏறக்கூடாது."

"யாரோட விரல்?"

கோல்ஃப் கிளப்பின் வரவேற்பு மேஜையில் இருந்த மனிதர் போனுக்குள் நீளமாக மூச்சு விட்டார். "இதையேதான் காலைலயும் கேட்டீங்க. அப்ப சொன்னதுதான் இப்பவும். உங்க விரல்தான்மா."

"நான் காலைல கூப்பிடவே இல்லையே."

"சரிம்மா," என்றார் அவர், வீட்டில் பலமுறை தோற்றுப் பழகிய குரலில். போனை வைத்துவிட்டார்.

அவள் எழுதி வைத்த தாளைப் பார்த்தாள். கை, காலர், நாலு விரல். செவ்வாய்க்கிழமை சாயங்காலம். சனிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள்தான் நடுவில்.

அவளுக்குப் பெயிண்ட் கம்பெனியில் நிறம் பார்க்கும் வேலை. யாராவது உடைந்த ஓட்டுத் துண்டையோ, பழைய சட்டைப் பொத்தானையோ கொண்டுவந்து, சுவர் இந்த நிறத்தில் வேண்டும் என்பார்கள். அவள் அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். இத்தனை சொட்டு மஞ்சள், ஒரு துளி கறுப்பு என்பாள். பதினான்கு வருடங்களில் அவள் கண் தவறியதில்லை. வானத்தைக்கூட கம்பெனி நிற அட்டையின் எண்ணாகத்தான் பார்ப்பாள். மழைக்கு முந்தைய வானம் 7306, மழை விட்டதும் 7302.

அடுத்த மாதம் அந்த வேலைக்கு ஒரு இயந்திரம் வருகிறது. இயந்திரத்தோடு அவளும் லேபில் இருப்பாளா, இல்லை கிடங்குக்குப் போய் டப்பா அடுக்குவாளா என்பதைத் திங்கட்கிழமை புது மேனேஜர் முடிவு செய்வார்.

அந்த மேனேஜரம்மா வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. உயரமானவர். சிரிப்பதில்லை. நேற்று லேபுக்குள் வந்தபோது, அவள் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு கோல்ஃப் பந்து உருண்டு போய் அவருடைய ஷூவில் முட்டி நின்றது.

அது குதிகால் வலிக்கான பந்து. சிமென்ட் தரையில் நின்று நின்று வந்த வலி. செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்துக்கு அடியில் உருட்டச் சொல்லி பிசியோதெரபி டாக்டர் கொடுத்தது.

மேனேஜர் அதை எடுத்துப் பார்த்தார். "ரொம்ப அடிபட்டிருக்கே. எவ்வளவு நாளா?"

"ரெண்டு வருஷமா மேடம். தினமும்."

"தினமுமா?" முதல் தடவையாக அந்த முகத்தில் ஏதோ இளகியது. "சனிக்கிழமை காலைல ஆறே முக்காலுக்கு கிளப்புக்கு வந்துடுங்க. மட்டையெல்லாம் அங்கயே இருக்கு. திங்கட்கிழமை உங்க விஷயம் பேசறதுக்கு முன்னாடி, ஒரு தடவை சேந்து ஆடிடலாம்."

விஷயம் புரிந்து அவள் வாயைத் திறப்பதற்குள் அந்த வாய் "சரி மேடம்" என்று சொல்லி முடித்திருந்தது.

கிளப்புக்குப் போன் செய்த அந்தச் செவ்வாய்க்கிழமை ராத்திரிச் சாப்பாட்டின்போது கணவன் கேட்டான். "இதுல என்ன இருக்கு? இது காலுக்கு வச்ச பந்துன்னு சொல்லிடு."

"சொன்னா, அப்ப நேத்து ஏன் சரின்னு சொன்னீங்கன்னு கேப்பாங்க."

"ஏன் சொன்ன?"

"அது எனக்கே தெரியல."

மூன்று நாளில் கோல்ஃப் கற்றுக்கொள்ள முடியாது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் ஆடத் தெரியாதவர்களை உள்ளே விடக்கூடாது என்று கிளப்பில் விதி எதுவும் இல்லை. உடுத்தத் தெரியாதவர்களைத்தான் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். முதலில் உள்ளே போவோம் என்று நினைத்தாள்.

"காலர் வச்ச டி-ஷர்ட் என்கிட்ட இருக்கே. புதுசு மாதிரியே இருக்கும்," என்று எழுந்து போனான் கணவன். அவனுக்குப் பூச்சி மருந்து அடிக்கும் கம்பெனியில் வேலை. வெள்ளை டி-ஷர்ட், காலர், அரைக்கை. எல்லாம் சரியாக இருந்தது. திருப்பிப் பார்த்தாள். முதுகு நிறைய ஒரு கரப்பான் பூச்சி, ஆறு காலையும் மேலே தூக்கி மல்லாந்து கிடந்தது. நூல் வேலைப்பாடு.

"முன்னாடி ஒண்ணும் இல்லையே," என்றான் அவன்.

"கோல்ஃப்ல முதுகைத்தாங்க எல்லாருக்கும் காட்டிட்டு நிப்பாங்க."

"செத்ததுதானே. உயிரோட இருந்தாதான் அசிங்கம்."

புதன்கிழமை சாயங்காலம் சின்னக் கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு நூல் நூலாகப் பிரித்தாள். இரண்டு மணி நேரத்தில் கரப்பான் போய்விட்டது. அதன் வடிவம் போகவில்லை. சுற்றியிருந்த துணி இரண்டு வருட வெயிலில் லேசாகப் பழுத்திருக்க, நூலுக்கு அடியிலிருந்த துணி மட்டும் பழைய வெள்ளையாகவே இருந்தது.

"எனக்கு ஒண்ணுமே தெரியலையே," என்றான் கணவன்.

"அங்க 0412, இங்க 0415. நடுவுல ஆறு கால்."

"உன் கண்ணை வச்சுக்கிட்டு மனுஷன் நிம்மதியா இருக்க முடியாது."

வியாழக்கிழமை மதிய இடைவேளையில் லேபிலேயே ஒரு பச்சைச் சாயம் கலந்தாள். அமைதியான பச்சை, மர நிழலில் இருக்கும் குளம் மாதிரி. டி-ஷர்ட்டை முக்கி எடுத்து ஜன்னலில் காயவைத்தாள். நிறம் அவள் நினைத்தபடியே வந்தது. ஆனால் நூல் பிரித்த இடமெல்லாம் ஊசித் துளைகள்; அங்கே துணி ஆசையோடு இன்னும் கொஞ்சம் சாயம் குடித்திருந்தது. இதுவரை அவள் கண்ணுக்கு மட்டும் தெரிந்த கரப்பான், இப்போது கரும்பச்சையில் தெருக்கோடி வரை தெரிந்தது.

அன்று மாலை நாத்தனார் வந்தாள். பல் டாக்டரிடம் உதவியாளராக இருப்பவள். வாயைத் திறந்து வைத்திருப்பவர்களிடம் பேசிப் பழகியதால் பதிலுக்குக் காத்திருக்க மாட்டாள்.

"கவலைய விடுங்க அண்ணி. டாக்டரோட பொண்ணு டென்னிஸ் ஆடற ஸ்கர்ட்டை வாங்கிட்டு வந்திருக்கேன். உள்ளயே டிரவுசர் வச்சுத் தச்சிருக்கு. இப்படித் திரும்புங்க. முட்டிக்கு மேல விரலை வைங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. சே, ஒரு விரல் ஜாஸ்தி."

"என் விரலை வச்சுப் பாரு," என்று கணவன் கையை நீட்டினான். அவனுடைய நாலு விரலுக்குள் கச்சிதமாக அடங்கியது.

"அப்ப சனிக்கிழமை கையை என்கூட அனுப்பிடுங்க," என்றாள் அவள்.

நாத்தனார் ஸ்கர்ட்டை இடுப்பிலிருந்து ஒரு விரல் கீழே இறக்கி, உள்ளே நாலு ஊக்கு குத்தினாள். "இப்ப சரி. ஆனா குனியாதீங்க அண்ணி. ஊக்கு வெளிய வந்துடும்."

"குனியாம பந்தை எப்படி எடுக்கறது?"

"பந்து எங்க போச்சுன்னு தெரிஞ்சாத்தானே எடுக்கப் போற," என்றான் கணவன்.

முதுகுக்கும் நாத்தனாரிடம் வழி இருந்தது. "வசதியானவங்க எல்லாம் ஸ்வெட்டரைப் போட மாட்டாங்க. தோள்ல போட்டு முன்னாடி கையைக் கட்டிக்குவாங்க. கரப்பானும் மறைஞ்சுடும், பாக்கவும் ஒரு இதுவா இருக்கும்."

கட்டிப் பார்த்தார்கள். கரப்பான் மறைந்தது. கூடவே காலரும் மறைந்தது.

"காலர் தெரியலையே."

"கை தெரியுதே. கை இருந்தா காலர் வேணாம்னு நீங்கதானே சொன்னீங்க."

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து கையுறை வாங்கப் போனாள். விளையாட்டுச் சாமான் கடைக்காரர் ஒரு சின்ன உறையை நீட்டினார். பிரித்துப் பார்த்தாள்.

"இதுல ஒண்ணுதாங்க இருக்கு."

"ஒண்ணுதாம்மா. இடது கைக்கு."

"வலது கைக்கு?"

"கோல்ஃப்ல ஒரு கைக்குத்தாம்மா போடுவாங்க."

"அப்படி எந்த ஆட்டத்துலயாவது உண்டா? இன்னொண்ணை யாருக்குக் குடுத்தீங்க?"

கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நேத்து ஒரு அம்மாவும் இதே சண்டைதான். நீங்களாவது சொன்னா கேட்டுக்கறீங்க. அவங்க நான் ஏமாத்தறேன்னு சொல்லி, ரெண்டு உறை வாங்கிட்டுப் போயிட்டாங்க. ரெண்டும் இடது கை."

இந்த ஊரில் தன்னைவிட விஷயம் தெரியாத ஒருத்தி இருக்கிறாள் என்பது, வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

சனிக்கிழமை காலை ஆறரைக்கே கிளப் வாசலில் இறங்கினாள். புல்வெளி பனியில் நனைந்து தூரம் வரை போய்க்கொண்டிருந்தது. 5521, மூலையில் 5524. அந்தப் பச்சையைக் கலக்க எந்த இயந்திரத்தாலும் முடியாது என்று ஒரு கணம் தோன்றியது.

வரவேற்பு மேஜை மனிதர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். "போன்ல பேசினது நீங்கதானே?"

"ஒரே ஒரு தடவை."

"ஒரு தடவையா." அவர் வாதாடவில்லை. "கை இருக்கு. போங்கம்மா. பெண்கள் உடை மாத்தற அறை இடது பக்கம்."

"நாலு விரல் அளக்க வேணாமா?"

"நான் பிள்ளைகுட்டிக்காரன்மா. போங்க."

அறையில் யாரும் இல்லை. சுவர் முழுக்கக் கண்ணாடி. அவள் அதில் தன்னை ஒரு மாதிரித் துண்டைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பச்சை டி-ஷர்ட், வெள்ளை ஸ்கர்ட், தோளில் ஸ்வெட்டர், ஒற்றைக் கையுறை. ஸ்வெட்டரை இழுத்து விட்டதும் அது நழுவிக் கீழே விழுந்தது. குனிய முடியாது. கால் விரலால் எடுக்கப் பார்த்தாள். திரும்பியபோது கண்ணாடியில் கரப்பான் தெரிந்தது, ஆறு காலையும் தூக்கிக்கொண்டு.

பதினான்கு வருடமாக எது எதோடு பொருந்தும் என்று பார்த்துச் சொன்னவள் அவள். இந்தக் கண்ணாடிக்குள் நிற்பவள் எந்தச் சுவருக்கும் பொருந்த மாட்டாள். அது தெரிந்துவிட்ட பிறகு மனது லேசானது. கிடங்கு என்றால் கிடங்கு. அங்கேயும் ஜன்னல் இருக்கும். மேனேஜர் வந்ததும் முதல் வார்த்தையாகக் குதிகாலைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

கதவு திறந்தது.

மேனேஜர் உள்ளே வந்தார். தலையிலிருந்து கால் வரை எல்லாம் புதுசு. காலரின் பின்னால் விலைச் சீட்டு நூலில் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. ஸ்கர்ட்டின் ஓரத்தை ஒரு கையால் கீழே இழுத்துப் பிடித்திருந்தார். இரண்டு கையிலும் கையுறை. வலது கையில் இருந்ததன் கட்டைவிரல் மட்டும், போகிற திசை தெரியாமல், வெளிப்பக்கமாகக் காலியாகத் துருத்திக்கொண்டிருந்தது.

"மேடம், நான் முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். அந்தப் பந்து..."

மேனேஜர் கதவை மூடித் தாழ்ப்பாள் போட்டார். கழிவறைக் கதவுகளை ஒவ்வொன்றாகத் தள்ளி, உள்ளே யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டார். பிறகு அவள் பக்கத்தில் வந்து, காதருகே குனிந்தார்.

"பத்து வருஷமா ஆடறேன்னு முதலாளிகிட்ட வாய் தவறிச் சொல்லித் தொலைச்சுட்டேன், இன்னும் கால் மணி நேரத்துல ஆட வந்துடுவார், கிடங்குங்கற பேச்சையே நான் எடுக்க மாட்டேன், இந்த மட்டைய எந்தக் கை மேல வச்சுப் பிடிக்கணும்னு மட்டும் எனக்குச் சொல்லிக் குடுத்துடுங்களேன்."