பைலட் டாக்டருக்குக் கேட்காத சத்தம்

பிள்ளைகளே, காய்ச்சல் என்று வந்தவரைக்கூட விமானம் ஓட்டத் தகுதி உண்டா என்று பார்க்காமல் வீட்டுக்கு அனுப்பாத டாக்டர், ஓசூரில் எங்கள் பைலட் டாக்டர் ஒருவர்தான். அவரிடம் நான் கம்பவுண்டராக இருந்தேன்.

வேப்பனப்பள்ளியிலிருந்து வந்த மாங்காய் விற்கும் அம்மாவை ஒருநாள் ஒற்றைக்காலில் நிற்க வைத்துவிட்டார்.

"இருமலுக்கு மருந்து கேட்டா எதுக்கு சாமி இந்தக் கூத்து?"

"மூச்சு வாங்குது பாரும்மா. இதோட மேல போனா தாங்காது."

"நான் எங்க மேல போறேன்? குந்தாரப்பள்ளி சந்தைக்குத்தான் போறேன்."

ஊருக்கு வெளியே விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் இடம் ஒன்று உண்டு. அங்கே சேரும் பிள்ளைகளின் உடம்பைச் சோதித்து அவர்தான் கையெழுத்துப் போடுவார். எல்லா டாக்டரும் அப்படிப் போட்டுவிட முடியாது. உயரத்தில் உடம்பு என்ன பாடுபடும் என்று தனியாகப் படித்து, அனுமதி வாங்க வேண்டும். சில வருடத்துக்கு ஒருமுறை மறுபடி வகுப்புக்குப் போய்த் தேறவும் வேண்டும். அந்தக் கையெழுத்துதான் அவருக்கு உயிர்.

எழுபது வயதில் அந்த வகுப்புக்குப் பெங்களூர் கிளம்பினார். துணைக்கு நான். பஸ்ஸில் நான் புத்தகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்க, எத்தனை அடி உயரத்தில் உடம்புக்கு என்ன ஆகும் என்று அவர் கண்ணை மூடிச் சத்தமாக ஒப்பித்தார்.

"சார், அத்திப்பள்ளியே வந்தாச்சு. நீங்க இன்னும் பத்தாயிரம் அடியிலயே இருக்கீங்க" என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. டாக்டரும் சிரித்தார்.

வகுப்பு முடிந்து திரும்பும்போது, சூசூவாடி தாண்டியதும் மெல்லச் சொன்னார்.

"இதயத் துடிப்பப் பதிவு பண்ணிப் போட்டுக் காட்டினாங்கப்பா. ஒண்ணுல, இதயத்துல கோளாறு இருந்தா வர்ற இரைச்சல் இருந்துச்சாம். எனக்குக் கேக்கல. குத்துமதிப்பா எழுதினேன். சரின்னு போட்டுட்டாங்க."

"அப்ப பாஸ்தானே சார்?"

"உம் பொண்ண அந்தக் குத்துமதிப்ப நம்பி மேல அனுப்புவியா?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள், இனி விமானிகளைச் சோதிக்க மாட்டேன், அனுமதியை ரத்து செய்துவிடுங்கள் என்று கடிதம் எழுதி, தபாலில் போடச் சொல்லி என்னிடம் கொடுத்தார். மனசு மாறுவார் என்று மூன்று நாள் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். நாலாம் நாள், "போட்டாச்சா?" என்றார்.

"போட்டாச்சு சார்."

அவரிடம் நான் சொன்ன ஒரே பொய் அது. சாயங்காலமே போய் அதை உண்மையாக்கினேன். கடிதம் பெட்டிக்குள் விழுந்த பிறகும் என் கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.