மாசிலாமணி போட்ட பிடியரிசி

இனி வீட்டுப் பிடியரிசியைத் தன் கையாலேயே போடுவது என்று மாசிலாமணி முடிவெடுத்தார். குடும்பத் தலைவன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது, கர்த்தருக்குரியதை மனைவி அள்ளிப் போடுவது முறையில்லையாம். முடிவெடுத்தது திங்கட்கிழமை. ரேஷனில் அரிசி அளவைக் குறைத்துவிட்டார்கள் என்ற செய்தி வந்தது அதற்கு முந்தின சனிக்கிழமை. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று அவரே தமக்கு இரண்டு தடவை சொல்லிக்கொண்டார்.

அது எழுபத்துநாலாம் வருஷம். திருநெல்வேலிப் பக்கமிருந்து பிழைக்க வந்து கொச்சி மட்டாஞ்சேரியில் தங்கிவிட்டவர்களின் சின்னத் தமிழ்ச் சபை அவர்களுடையது. உலை வைக்கும்போதெல்லாம் வீட்டுக்காரி ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுவைப்பாள். ஞாயிற்றுக்கிழமை கலயம் கோவிலுக்குப் போகும். அங்கிருந்து கஷ்டப்படுகிற ஏதாவது ஒரு வீட்டுக்குப் போகும். அந்த மாதம் அது அடுத்த வீட்டுப் பேச்சிக்குப் போய்க்கொண்டிருந்தது. பேச்சியின் புருஷன் இசக்கிமுத்து துறைமுகத்தில் மூட்டை சுமந்தவன். முதுகில் அடிபட்டுப் படுத்துவிட்டான். மூன்று பிள்ளைகள்.

"ஞானப்பூ, நாளைலருந்து நானே போடுதேன்."

"என்னத்த?"

"பிடியரிசிய."

ஞானப்பூ முறத்திலிருந்து நிமிர்ந்தாள். "திடீர்னு என்ன வந்துச்சு?"

"கொடுக்கதை மனசாரக் கொடுக்கணும்னு கோயில் பிரசங்கத்துல ஐயர் சொன்னாருல்லா. நீ போட்டா அது உன் மனசு. நான் போட்டாத்தான என் மனசு?"

"அது சரிதான்."

"அதுவும் பேச்சி நம்ம சபைகூட இல்ல."

"அவ பிள்ளைங்க சபையெல்லாம் கேக்காதுங்க. கஞ்சி உண்டான்னுதான் கேக்கும்."

"நான் கொடுக்க வேண்டாம்னா சொன்னேன்? நான் கொடுக்கேன்னுதான சொல்லுதேன்."

"போடுங்க. உங்க கை பெரிய கை" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி கல் பொறுக்கக் குனிந்தாள்.

கை பெரியதுதான். மாசிலாமணிக்கு மிளகுக் கிடங்கில் வேலை. சாக்குக்குள் கையை விட்டு ஒரு பிடி மிளகை அள்ளினால், அதன் கனத்தையும் தரத்தையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். இருபது வருஷப் பழக்கம். நிறையப் பிடிப்பது எப்படி என்று தெரிந்தவனுக்கு, நிறைந்த மாதிரிப் பிடிப்பது எப்படி என்றும் தெரியாமலா போகும்? கட்டைவிரலை உள்ளே மடக்கிக்கொண்டால் போதும். வெளியே பார்த்தால் யானைத் தலை மாதிரி ஒரு முஷ்டி. உள்ளே குருவிக்குப் போடுகிற அரிசி.

அந்த வாரம் முழுக்க ஜெபம் பண்ணிவிட்டு அப்படித்தான் போட்டார். ஞாயிற்றுக்கிழமை கலயத்தைத் தூக்கினார். கனத்தது. திறந்து பார்த்தார். கழுத்துவரை அரிசி.

மறுவாரம் ஆள்காட்டி விரலையும் சேர்த்து மடக்கினார். ஞாயிறு வந்தது. அப்போதும் கழுத்துவரை.

இதில் இன்னொரு விசேஷம் உண்டு. அவர் தட்டிலும் சோறு குறையவில்லை. அதே குன்று, அதே உயரம். போதாததற்கு முன்னைவிட மெத்தென்று வேறு இருந்தது. ரேஷன் அரிசிக்கு இந்த மெதுமை எங்கேயிருந்து வரும்? கலயமும் நிறைகிறது, தட்டும் நிறைகிறது. ஞாயிறு பள்ளியில் சின்ன வயதில் கேட்ட, எடுக்க எடுக்கக் குறையாத மாப்பானை அவர் நினைவுக்கு வந்தது. மாசிலாமணிக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

அன்றைக்கு ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்தார். இதுவரை அவர் ஒரு தடவைகூட எழுந்ததில்லை.

"சகோதரரே, நான் போட்டது கொஞ்சம். ரொம்பக் கொஞ்சம். எவ்வளவு கொஞ்சம்னு கர்த்தருக்குத் தெரியும். ஆனா என் கலயம் நெறஞ்சுது" என்றார். குரல் தழுதழுத்தது. முன்வரிசையில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஐயர் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். பெண்கள் பக்கத்தில் ஞானப்பூ தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். அவளும் உருகிவிட்டாள் என்று மாசிலாமணி நினைத்தார்.

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பிப் பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. குடைக்காகத் திரும்பி வந்தார். அடுக்களை ஜன்னல் வழியே பார்த்தார். ஞானப்பூ உலைக்கு அளந்து வைத்திருந்த அரிசியிலிருந்து ஒரு பிடி அள்ளிக் கலயத்தில் போட்டாள். பிறகு இன்னொரு பிடி போட்டாள். விரல் எதுவும் மடங்கவில்லை.

குடையை எடுக்காமலே போய்விட்டார்.

அன்று கிடங்கில் எந்தச் சாக்குக்குள்ளும் அவரால் நிம்மதியாகக் கையை விட முடியவில்லை. தன் தட்டு குறையவில்லை. அப்படியானால் குறைந்தது யார் தட்டு? அவர் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவள் உட்காருவாள். அவள் தட்டில் என்ன இருக்கிறது என்று கல்யாணமான நாளிலிருந்து அவர் எட்டிப் பார்த்ததே இல்லை. அந்த நினைப்பு அவரைச் சுட்டது. வெட்கமாக இருந்தது. சபை நடுவே எழுந்து நின்று பேசியதை நினைக்க இன்னும் வெட்கமாக இருந்தது.

மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தார். குன்று வந்தது. மீன் குழம்பு வந்தது.

"ஞானப்பூ, காலைல குடைக்குத் திரும்பி வந்தேன். நீ கலயத்துல போடுததைப் பாத்துட்டேன்."

"ம்."

"நான் விரலை மடக்கித்தான் போட்டேன்."

"தெரியும்."

"எப்பத்திலருந்து?"

"மொத நாள்லருந்து."

"அப்ப கோயில்ல நான் பேசும்போது ஏன் சும்மா இருந்த?"

"கொஞ்சம்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்களே. அதுக்கு மேல நான் என்ன சொல்ல?"

மாசிலாமணி சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். வாழ்க்கையில் முதல் தடவையாக எந்த விரலையும் மடக்காமல் ஒன்றைக் கொடுக்கப் போகிறார். நெஞ்சு லேசாக இருந்தது.

"நீ வயித்தக் கட்டுனது போதும். நாளைலருந்து எனக்கு அளக்குத அரிசிலருந்து ஒரு பிடி எடுத்துப் பேச்சிக்குப் போடு. நெசமாத்தான் சொல்லுதேன். மனசாரச் சொல்லுதேன்."

ஞானப்பூ கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எடுக்கலாம். ஆனா இப்பவே ரெண்டு பிடியும் உங்க பங்குலருந்துதான் எடுக்கேன், அந்த எடத்துக்குக் கப்பக் கிழங்க அரிசியாட்டம் பொடிசா நறுக்கிப் போடுதேன். மூணாவதும் எடுத்தா தட்டுல சோத்தத் தேடித்தான் தின்னணும், பரவாயில்லையா?"