சிவகுமாரின் சிவப்புப் பிடி

சிவகுமார் தன் வாழ்க்கையின் பெரிய முடிவுகளை எல்லாம் கக்கூஸில்தான் எடுப்பார். அந்த வீட்டில் அவரை யாரும் கூப்பிடாத இடம் அது ஒன்றுதான். அன்று காலை அங்கே எடுத்த முடிவு, இதுவரை எடுத்ததிலேயே பெரியது. செத்தாலும் களம்பூருக்குப் போவதில்லை.

களம்பூரில் அவருடைய அக்கா உண்ணாமலை புது வீடு கட்டியிருந்தாள். கிரகப்பிரவேசம். தம்பி குடும்பம் சீர்வரிசையோடு வந்து வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் தங்கவேண்டும் என்று உத்தரவு. அக்காவைக்கூடச் சமாளித்துவிடலாம். மாமா துரைக்கண்ணுவைத்தான் முடியாது. போன வருஷம் அவருக்குச் சிறுநீரகத்தில் கல் எடுத்தார்கள். எடுத்த கல்லை ஒரு கண்ணாடிக் குப்பியில் போட்டு வைத்திருக்கிறார். வந்தவர்களை உட்கார வைத்து, குப்பியைக் கையில் கொடுத்து, கல் உருவான நாள் முதல் வெளியே வந்த நாள் வரை ஒரு சொட்டு விடாமல் சொல்லுவார். சிவகுமார் பதினோரு தடவை கேட்டாயிற்று. பதினோராவது தடவை கேட்டபோது அவருக்கே இடுப்பில் வலி எடுத்தது.

தப்பிக்க வழி காட்டியவன் தீனா. கண்ணமங்கலத்துக்காரன். ராமேஸ்வரம் பக்கம் ஒரு கடற்கரையில் கைட் போர்டிங் சொல்லித்தருகிற வேலை. லீவில் வந்தவன் தங்கச்சி கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை எடுக்க சிவகுமார் வீட்டுக்கு வந்தான். வந்த இடத்தில் போனில் ஒரு வீடியோவைக் காட்டினான். வானத்தில் லாரித் தார்ப்பாய் அளவுக்கு ஒரு காத்தாடி. கீழே கடலில் ஒரு பலகை. பலகைமேல் ஒருத்தன். காத்தாடி இழுக்க இழுக்க அவன் அலைமேல் பறக்கிறான்.

மூன்று நாள் வகுப்பு. வெள்ளி, சனி, ஞாயிறு. தேதியைக் கேட்டதும் சிவகுமார் பேர் கொடுத்துவிட்டார்.

"தேதிய நான் வைக்கல, திலகா. காத்து வெச்சிகீது."

மனைவி திலகவதி தறியை நிறுத்தவில்லை. "உங்க அக்கா ஊட்டு கிரகப்பிரவேசம் காத்துக்கு எப்பிடித் தெரிஞ்சிது?"

"கடல் காத்துக்கு ஒரு சீசன் கீது. உட்டா போச்சி."

"அப்ப சீர்த்தட்டு?"

"நீ எடுத்துகினு போ."

"மூணு நாளு வெங்காயம் உரிக்கறது?"

"அதான் நீ போறியே."

"கல்லு கத கேக்கறது?"

"உனுக்குப் பொறுமை ஜாஸ்தி, திலகா."

திலகவதி கத்தினால் பயமில்லை. இருபது வருஷத்தில் அது பழகிவிட்டது. அவள் 'சரிங்க' என்று சொன்னால்தான் பயப்படவேண்டும். அன்று அவள் "சரிங்க" என்றாள். சந்தோஷத்தில் இருந்த சிவகுமாருக்கு அது காதில் விழவில்லை.

பழகிப் பார்க்கச் சொல்லி தீனா ஒரு பழைய செட்டைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். இடுப்பில் கட்டுகிற பட்டை, கையில் பிடிக்கிற கம்பு, அதிலிருந்து போகிற நாலு நீளக் கயிறு, நடுவில் ஒரு சிவப்புப் பிடி. முதல் நாள் பரீட்சையே அந்தப் பிடியில்தான். தேறாதவனைத் தண்ணீரில் கால் வைக்க விடமாட்டார்கள்.

லுங்கிமேல் பட்டையைக் கட்டிக்கொண்டு சிவகுமார் வகுப்பெடுத்தார்.

"நல்லா பாத்துக்கோ. காத்தாடி தறிகெட்டு இஸ்துகினு ஓடுது. நான் இன்னா பண்ணுவேன்?"

"கத்துவீங்க."

"கத்த மாட்டேன். இந்த செவப்புப் புடிய முன்னால தள்ளுவேன். டக்! கொக்கி தொறந்துக்கும். காத்தாடி வேகமெல்லாம் அடங்கிப் போய் தண்ணில படுத்துக்கும். ஆனா மொத்தமா போயிடாது. ஒரே ஒரு கயிறு என்னோட இருக்கும்."

"கோவிச்சிகினு அம்மா ஊட்டுக்குப் போற மாதிரி."

"ஆங்... அப்பிடியே வெச்சிக்கோ. அப்பவும் அடங்காம இஸ்துதுன்னா ரெண்டாவது புடி கீது. அதத் தட்டுனா அந்த ஒரு கயிறும் போயிடும். அதுக்கும் எனுக்கும் சம்மந்தமே இல்ல."

"அது கோர்ட்டு கேசு."

"உங்கிட்ட போய் சொன்னேன் பாரு!"

ஆனால் திலகவதி எழுந்து வந்தாள். பிடியைக் கையில் வாங்கினாள். தள்ளினாள். திறந்தது. திரும்பக் கோத்தாள். சிவகுமாருக்கு அதைக் கோக்க அரைநாள் பிடித்திருந்தது. இவள் நூல் முடிச்சுப் போடுகிற விரல்களால் ஒரே நிமிஷத்தில் முடித்துவிட்டாள். அவர் அதையும் கவனிக்கவில்லை.

அடுத்த நாலு நாள் வீட்டில் டக், டக் என்ற சத்தம்தான். சாப்பிடும்போது டக். சீரியல் பார்க்கும்போது டக்.

"மடியில வெச்சிகினு தள்ளுனா தொறக்குது. காத்தாடி இஸ்துகினு கீறப்ப தொறக்குமா?" என்று திலகவதி கேட்டாள்.

"தொறக்காம?"

"தீனாவக் கேளுங்க."

போனை ஸ்பீக்கரில் போட்டார். "அக்கா கேட்டதுதாணா கேள்வி," என்றான் தீனா. "லோடு இல்லாம தொறக்கறது டெஸ்ட்டே இல்ல. உடம்பு வெயிட்ட மொத்தமா போட்டு சாஞ்சிகினு தொறக்கணும். ஞாயித்துக்கெழம நானே வந்து பாக்கறேன்."

பக்கத்து வீட்டுக் கலையரசி மதில்மேல் கையூன்றி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பார்க்க ஆள் இருந்தால் சிவகுமாருக்கு வாய் நீளும்.

"தொறக்கலன்னா நானே களம்பூர் போறேன்! மூணு நாளும் வெங்காயம் உரிக்கறேன்! என் சீட்ல நீ போ ராமேஸ்வரத்துக்கு. கலையரசியயும் கூட்டிகினு போ!"

கலையரசி விழுந்து விழுந்து சிரித்தாள். திலகவதி சிரிக்கவில்லை. "கலையரசி, நல்லா கேட்டுகினியா?" என்று மட்டும் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. தெருவில் தறிக்கான பட்டுப் பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டிக் கஞ்சி போடுகிற இடத்தில் இரண்டு பக்கமும் கல் நட்டிருக்கும். அன்று யார் பாவும் இல்லை. சிவகுமார் காத்தாடிக் கயிறு நாலையும் அங்கே நீட்டினார். நாலும் ஒரே அளவு. நெசவாளி கண்ணுக்கு அது போதவில்லை. இருபது வருஷமாகப் பாவு நூலைப் பார்த்த கண். கயிறு தொங்குகிறது. துவள்கிறது. ஒன்றோடொன்று ஒட்டிச் சிக்குகிறது. பார்க்கவே அவருக்கு அவமானமாக இருந்தது.

அந்த நேரம் தீனாவிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. நாலு நிமிஷம். சிவகுமார் முதல் இருபது விநாடி கேட்டார். "வணக்கம்ணா, டெஸ்ட்டுக்கு முன்னால சில முக்கியமான விஷயம்..."

"தெரியும், தெரியும்," என்று போனை திலகவதி கையில் கொடுத்தார். "இவன் வேற, பேஜார் புடிச்சவன். திலகா, கஞ்சி கீதா?"

"எதுக்குங்க?"

"கயிறு தொவளுது. ஒரு கஞ்சி போட்டா வெறப்பா நிக்கும், சிக்காது. கடல்காரனுங்களுக்கு இழையப் பத்தி இன்னா தெரியும்?"

திலகவதி போனைக் காதில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். நாலு நிமிஷம் கழித்து வாசலுக்கு வந்தாள்.

"கெட்டியா வேணுமா, தண்ணியா வேணுமா?"

"கெட்டியா!"

அண்டாவில் வந்த கஞ்சியை சிவகுமார் தானே தடவினார். நாலு கயிற்றுக்கும் மேலும் கீழும் உருவிவிட்டார். எதையும் அரைகுறையாகச் செய்வது அவர் பரம்பரையிலேயே கிடையாது. கம்புக்கும் ஒரு கை. சிவப்புப் பிடிக்கும் இரண்டாவது பிடிக்கும் ஒரு கை. ஆரணி வெயில் இரண்டு மணி நேரத்தில் எல்லாவற்றையும் காயவைத்தது. கயிறு நாலும் கம்பி மாதிரி நின்றது. சிவகுமாருக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

பதினோரு மணிக்குத் தீனா வந்தான். கயிற்றைத் தொட்டுப் பார்த்தான். "இன்னாணா இது, மொறமொறன்னு கீது?"

"அதெல்லாம் தொழில் ரகசியம். டெஸ்ட்ட வை."

தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. கயிற்று நுனிகளைத் தீனா கல்லில் கட்டினான். சிவகுமார் பட்டையை இறுக்கினார். கொக்கியை மாட்டினார். பின்பக்கமாக முழு எடையையும் போட்டுச் சாய்ந்தார். கயிறு விண்ணென்று நின்றது.

"தள்ளுங்கணா!"

தள்ளினார்.

டக் வரவில்லை.

இரண்டு கையாலும் தள்ளினார். நரம்பு புடைத்தது. காது சிவந்தது. பிடி மட்டும் அசையவில்லை.

"ரெண்டாவது புடியத் தட்டுங்கணா!"

தட்டினார். அதிலும் கெட்டிக் கஞ்சி. அதுவும் அசையவில்லை.

"இதான் கடலா இருந்தா இந்நேரம் இலங்கைக்குப் போயிருப்பாரு," என்றாள் கலையரசி.

"சும்மா இரு! திலகா, ஜல்தி இன்னாவாவது பண்ணு!"

திலகவதி அவசரப்படவில்லை. ஒரு சொம்பு வெந்நீரோடு வந்தாள். பிடிமேல் நிதானமாக ஊற்றினாள். பிடி இளகுமா என்று பார்க்க சிவகுமார் இன்னும் நன்றாகச் சாய்ந்து, இன்னும் பலமாகத் தள்ளினார்.

டக்!

திறந்துவிட்டது. அடுத்த நொடி சிவகுமார் பின்னால் போனார். பின்னால் கஞ்சி அண்டா இருந்தது. இடுப்பு உள்ளே, கையும் காலும் வெளியே என்று உட்கார்ந்துவிட்டார். தெரு கைதட்டியது.

தீனா தலையில் கை வைத்துக்கொண்டான். "ணா, நாலு நிமிஷம் வாய்ஸ்ல தொண்ட கிழிய சொன்னேனே! தண்ணி தவிர எதுவும் மேல படக் கூடாது, மண்ணு, மெழுகு, எண்ண எது ஒட்னாலும் புடி மாட்டிக்கும்னு!"

சிவகுமார் அண்டாவுக்குள் இருந்தபடியே மனைவியைப் பார்த்தார். "நீ அத கேட்டியா?"

"முழுசா கேட்டேங்க."

"கேட்டுமா கஞ்சி குடுத்த?"

"நீங்க கேட்டீங்க, குடுத்தேன். உங்க பேச்ச நான் என்னிக்குத் தட்டிகீறேன்?"

சிவகுமார் அண்டாவிலிருந்து எழப் பார்த்தார். கஞ்சி வேறு காய ஆரம்பித்திருந்தது.

"கட்டின பணம் திரும்ப வராதுக்கா," என்றான் தீனா. "ஆனா பேர மாத்திக்கலாம். நீச்சல் தெரியுமா?"

"தேசூர்ல எங்க மாமா கெணத்துல மேலருந்து குதிப்பேன்."

"அண்ணனுக்கு?"

"அவரு குளிக்கறதே சொம்புலதான்."

வியாழக்கிழமை சாயங்காலம் திலகவதியும் கலையரசியும் ராமேஸ்வரம் போக ஆரணியில் பஸ் ஏறினார்கள். மறுநாள் காலை சிவகுமார் சீர்த்தட்டோடு களம்பூர் பஸ் ஏறினார். "உன் பொண்டாட்டி எங்கடா?" என்று உண்ணாமலை கேட்டாள். காத்து தேதி வைத்துவிட்டது என்று சொன்னார். அக்கா அரிவாள்மணையையும் ஒரு மூட்டை வெங்காயத்தையும் முன்னால் தள்ளினாள்.

சனிக்கிழமை மத்தியானம் துரைக்கண்ணு குப்பியோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பன்னிரண்டாவது தடவை. கதையில் கல் இன்னும் உருவாகவே ஆரம்பிக்கவில்லை. அதற்குள் சிவகுமாரின் போன் அடித்தது. வீடியோ. இடுப்பளவு தண்ணீரில் திலகவதி. சுடிதார்மேல் பட்டை, தலையில் ஹெல்மெட். மேலே ஒரு மஞ்சள் காத்தாடி அவளை இழுக்கிறது. அவள் பின்னால் சாய்ந்து சிவப்புப் பிடியை ஒரு தள்ளு தள்ளுகிறாள். டக். காத்தாடி அடங்கித் தண்ணீரில் படுக்கிறது. கலையரசி கரையில் விசிலடிக்கிறாள்.

சிவகுமாருக்குப் பெருமையாகவும் இருந்தது, வயிறும் எரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. வெங்காயம்தான் என்று மாமாவிடம் சொன்னார். வீடியோவுக்குக் கீழே ஒரு வரி வந்திருந்தது.

"பத்துக்குப் பத்து. கஞ்சி போடலைங்க."