இரட்டைக் காபரேட்டரும் உமது அக்காவும்

வெள்ளவத்தை,
ஞாயிறு காலை

அன்புள்ள மச்சான் பிரியந்தனுக்கு,

இங்கு நானும் உமது அக்கா அருந்ததியும் சுகம். கனடாக் குளிரில் நீரும் ரூபிகாவும் பிள்ளைகளும் சளி, காய்ச்சல் அண்டாமல் இருக்க வேண்டுமென்று எல்லாத் தெய்வங்களையும் கேட்டுக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். விஷயம், உமது கார்.

எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் நீர் விட்டுப்போன சிவப்பு ரேஸ் காரை விற்றுத் தரச் சொல்லியிருந்தீர் அல்லவா, கொள்ளுப்பிட்டியிலிருந்து அகீல் என்றொருவர், பழைய ரேஸ் கார்கள் சேர்ப்பவர், வந்து பார்த்தார். புது பற்றரி போட்டு நான் ஸ்டார்ட் பண்ணியதும் எஞ்சின் இருமியது, தும்மியது, பிறகு புகைக்குழாயால் ஒரு வெடி வெடித்தது. மேல்மாடிக்காரர் காஸ் சிலிண்டர் வெடித்துவிட்டதென்று நினைத்து, குழந்தையையும் பாஸ்போட்டுகளையும் பாதி வெந்த இடியப்பத் தட்டையும் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடிவிட்டார். அகீல் மட்டும் பதறவில்லை. "அங்கிள், ரெண்டு காபரேட்டரும் ஒண்டோட ஒண்டு சண்டை பிடிக்குது. டியூன் பண்ணி வையுங்க, ஞாயிற்றுக்கிழமை வாறன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவனுக்குக் காபரேட்டரைப் பற்றி என்ன தெரியும்? யூடியூப்பில் பார்த்தேன். காற்றையும் பெற்றோலையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டுகிற சாமானாம், காற்று கூடினால் தும்முமாம், பெற்றோல் கூடினால் கறுப்புப் புகை கக்குமாம், ஒரு ஸ்குரூவைச் சற்றே திருப்பினால் எல்லாம் சரியாம். திருப்பினேன். எந்தப் பக்கம் திருப்பினேன் என்பதைக் கவனிக்கவில்லை. இரண்டும் சமமாக இருக்கட்டும் என்று மற்றதையும் திருப்பினேன். பெற்றோல் வழிந்து கட்டடம் முழுக்க மணத்தது, காவலாளி மாடிமாடியாக ஏறி, ஒருவரும் அடுப்பு மூட்டக் கூடாதென்று சொல்லிவிட்டு வந்தார். அன்று எல்லா வீட்டுக்காரரும் கடைச் சோற்றுப் பார்சலோடு என்னைக் கடந்து போனார்கள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

அதன் பிறகுதான் கொட்டாஞ்சேனை ஷரீப் நானாவின் கராஜுக்குக் கொண்டுபோக முடிவெடுத்தோம். கொச்சிக்கடை அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்த வேண்டுமென்று அருந்ததியும் ஏறிக்கொண்டாள். கொள்ளுப்பிட்டிச் சந்தியில் பச்சை விழுந்தது, கார் நின்றது. பின்னால் பஸ்காரர்கள் ஹோர்ன் அடிக்க, பொலிஸ்காரர் வந்து எட்டிப் பார்த்து, "லஸ்ஸன கார் எக்கக், அங்கிள்" என்று காரின் அழகை மெச்சிவிட்டு, தொப்பியைக் கழற்றி என் மடியில் வைத்துத் தானே தள்ளினார். தொப்பியைத் திருப்பிக் கொடுக்க நிறுத்தினால் மறுபடி நின்றுவிடும் என்று பயந்து, ஓடும்போதே வெளியே நீட்டிக் கொடுத்தேன்.

ஷரீப் நானா பொனற்றைத் திறந்தார். "யாரு சேர் இதுல கை வெச்சது?" என்று கேட்டார். நான் கடலைப் பார்ப்பதுபோல் நின்றேன். கராஜிலிருந்து கடல் தெரியாது. முதலில் நெருப்புத்தான் சரியாக வேண்டும், பெற்றோல் பிறகு என்று சொல்லி, பிளக்குகளை மாற்றி, பொறி விழுகிற நேரத்தைத் திருத்தினார். அடுத்து ஒரு ரப்பர் குழாயை எடுத்து ஒரு முனையைக் காபரேட்டரின் வாயிலும் மறு முனையைக் காதிலும் வைத்தார். இரண்டு காபரேட்டரும் ஒரே மாதிரிச் சீற வேண்டுமாம். "சளி புடிச்சி காது அடைச்சிருக்கு சேர், நீங்க கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க" என்றார். எனக்கு இரண்டும் பிரஷர் குக்கர் மாதிரித்தான் கேட்டன.

"இஞ்ச தாங்கோ" என்று அருந்ததி குழாயை வாங்கினாள். உமக்குத் தெரியும், அவள் வயலின் படிப்பிக்கிறவள். கண்ணை மூடிக்கொண்டு, "முன்னுக்கு இருக்கிறது சுருதி இறங்கி நிக்குது. ஏத்துங்கோ" என்றாள். ஷரீப் நானா திருப்பினார். "இன்னும் கொஞ்சம். காணும். காணும், போதும் எண்டு சொன்னனான், கேக்கேல்லையோ? திரும்ப இறக்குங்கோ." அவளிடம் படிக்கிற பிள்ளைகளைப் போல அவரும் தலையைக் குனிந்துகொண்டு இறக்கினார். கடைசியில் இரண்டும் சேர்ந்த கணத்தில், அந்த நடுக்கமெல்லாம் அடங்கி எஞ்சின் ஒரே சீராக உறுமிய உறுமலைக் கேட்டு, பக்கத்துக் கராஜில் வேலை செய்தவர்கள்கூட எழும்பி வந்தார்கள். ஷரீப் நானா கையைத் துடைத்துக்கொண்டு, "மேடம் நாளைக்கும் வருவீங்களா?" என்று கேட்டார். அவர் பகிடிக்குக் கேட்டதாக எனக்குப் படவில்லை.

ஆகவே மச்சான், கவலையை விடும். வரும் வழியில் ஒரு சந்தியிலும் நிற்கவில்லை. காரை மினுக்கி வைத்திருக்கிறேன், இன்னும் சற்று நேரத்தில் அகீல் வந்துவிடுவார். விற்றாயிற்று என்றே வைத்துக்கொள்ளும். ரூபிகாவுக்கு எங்கள் அன்பு, பிள்ளைகளுக்கு நிறைந்த ஆசி.

உம்முடைய அத்தான்,
சண்முகலிங்கம்

பின்குறிப்பு: கடிதத்தை மடிப்பதற்குள் அகீல் வந்தார். ஓட்டிக் காட்டுகிறேன் என்று உமது அக்கா சாவியை எடுத்தாள். நீர் அவளை அந்த ஸ்டியரிங்கைத் தொடவே விட்டதில்லையாமே. இருவரும் மரைன் டிரைவ் வழியாகப் போனார்கள். அகீல் மட்டும் த்ரீவீலரில் திரும்பி வந்தார். தண்ணீர் வாங்கிக் குடித்தார். "காரில ஒரு குறையும் இல்ல அங்கிள். ஆனா ஆன்டி தரமாட்டா. பம்பலப்பிட்டி தாண்டேக்கையே விளங்கிட்டுது" என்றார். அவரை இறக்கிவிட்டுக் காரைத் திருப்பி, எங்கள் வீட்டையும் தாண்டித் தெற்கே பாணந்துறை வரைக்கும் போனவள் இப்போதுதான் அங்கிருந்து போன் பண்ணினாள். "தம்பிக்கு என்ன எழுதினனீங்கள்?" என்று கேட்டாள். விற்றாயிற்று என்று எழுதியதைச் சொன்னேன்.

"அது சரிதானே," என்றாள். "ஆருக்கு எண்டதை மட்டும் எழுதிவிடுங்கோ."