மெத்தைக் கடைக்காரன் நரம்பான கதை

பாசமுள்ள அக்காவுக்கு உன் பெரிய தம்பி எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம், என்னைத் தவிர. அத்தானின் முழங்கால் வலி தேவலையா?

அக்கா, எனக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை. நேற்று பாப்பாவின் பள்ளியில் பெற்றோர் தினம். வந்திருந்த பெற்றோரையே வரிசையில் நிறுத்தி இரண்டு நரம்புச் செல் கட்டப்போவதாக அறிவியல் டீச்சர் சொன்னார். கையை விரித்து நின்ற அம்மாக்கள் சேதி வாங்கும் கிளைகள், கணக்கு வாத்தியார் செல்லின் உடல், அவருக்குப் பின்னால் நீளமாக ஒரு வால், அதில் நாங்கள். வாலுக்கு உறை வேண்டுமென்றார், என் கடை மெத்தைகளைக் கொடுத்து ஆட்களைச் சுற்றினோம். உறை அங்கங்கே விட்டுப் போயிருக்குமாம், சேதி அந்த இடங்களில் தாவித் தாவி ஓடுமாம். ஒருத்தர் மெத்தைக்குள்ளேயே தூங்கிட்டார், அது வேற கதை.

வால் நுனியில நான். அடுத்த செல்லின் கிளையா எனக்கு நேரெதிரே யாருன்னு நினைக்கிறே? நம்ம தம்பி சின்னவன்! என் கடையில தொழில் கத்துக்கிட்டு எதிர்லயே மெத்தைக் கடை போட்டானே, அவனேதான். தூக்கிவாரிப் போட்டுச்சு. "அவனை நான் தொட மாட்டேன் டீச்சர்"னேன். "தொடவே கூடாது சார், நடுவுல இடைவெளி இருக்கணும். ரசாயனத்தை இந்தப் பக்கம் விட்டா அந்தப் பக்கம் வாங்கிக்கும்"னாங்க. நம்ம உடம்புக்குள்ளயே இப்படியா அக்கா! ரசாயனம்னு என் கையில ஒரு பை பஞ்சு உருண்டை.

பின்னால் இருந்தவர் முதுகுல குத்தினார். சேதி வந்தாச்சு. ஒரு உருண்டை வீசினேன், அவன் மரம் மாதிரி நின்னான். "போதுமான அளவு சேர்ந்தாத்தான் கிளம்பும் சார், பாதியாக் கிளம்பாது"ன்னாங்க டீச்சர். எனக்கு வந்துச்சே கோபம், பையோட கொட்டிட்டேன். தலை, மீசை எல்லாம் பஞ்சு அவனுக்கு. அப்படியே நம்ம அப்பா நிக்கிற மாதிரி இருந்துச்சு அக்கா. அதுக்குள்ள சேதி ஓடி, கடைசி ஆள் காலடியில வெச்சிருந்த பந்தை உதைக்க, தலைமையாசிரியர் கண்ணாடி காலி. சின்னவன் ஏதோ சொல்ல என் பக்கம் வந்தான். "சேதி இந்த வழியாத் திரும்பாது சார்"னு டீச்சர் தடுத்துட்டாங்க. நல்லதாப் போச்சு.

ஆகவே, உன் மகள் கல்யாணத்தில் எங்கள் இருவரையும் ஒரே வரிசையில் உட்கார வைக்காதே. வைத்தால் நான் வரமாட்டேன். இதுதான் முடிவு. மருமகளுக்கு என் ஆசிகள், அத்தானுக்கு வணக்கம்.

பி.கு.: மேலே உள்ளதைக் கிழித்துப் போடு. திரும்பி வருகிற சேதிக்கு வேறு நரம்பு உண்டாம். கடை மூடும் நேரத்தில் சின்னவன் தெருவைக் கடந்து வந்து, "அண்ணே, பஞ்சு நல்லா இருக்கே, எங்க வாங்குறே?" என்றான். ஒரே வண்டியில் வருகிறோம். பக்கத்துப் பக்கத்தில் நாற்காலி போடு. நடுவில் கொஞ்சம் இடைவெளி விடு.