என் அறைக்குள் நுழைந்த சாப்பாட்டு மேசை

மனித குலம் எத்தனையோ பெரிய காரியங்களைச் செய்திருக்கிறது. மலையைக் குடைந்து பாதை போட்டிருக்கிறது. கடலுக்கு அடியில் கம்பி இழுத்திருக்கிறது. ஆனால் அதெல்லாம் கூலி கொடுத்துச் செய்தவை. ஒருவருக்கும் கூலி கொடுக்காமல், தன் வீட்டு ஹாலிலேயே, தன் கையாலேயே 'பண்ணை வீட்டுப் பாணி' சாப்பாட்டு மேசை செய்த பெருமை என் மகனையே சேரும். அதற்கு நான் சாட்சி. மேசையின் ஒரு முனை என் கட்டிலை இடித்துக்கொண்டு நிற்பதால், மிக நெருங்கிய சாட்சி.

நான் லாரி ஓட்டிப் பிழைத்தவன். படிப்பு குறைவு. தார்ப்பாயைத் தூக்கிப் பார்க்காமல் எந்தச் சுமைக்கும் கையெழுத்துப் போட்டதில்லை. அந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. அதற்கு என் மருமகள் வைத்த பெயர் 'நெகட்டிவ்'.

என் மகன் ஆபீஸில் பெரிய பொறுப்பில் இருக்கிறான். காலையில் ஒரு கூட்டம் நடத்துவான். மத்தியானம், காலையில் நடந்த கூட்டத்தைப் பற்றி ஒரு கூட்டம் நடத்துவான். வீட்டிலும் அந்தத் திறமை வீணாகிவிடக் கூடாது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களையெல்லாம் ஹாலில் கூட்டினான். மருமகள் வந்தாள். பேத்தி போனோடு வந்தாள். மருமகளின் தம்பியும் வந்திருந்தான். மரவேலை பற்றி எல்லா வீடியோவும் பார்த்தவன் என்பதால் அவன் 'ஆலோசகர்'. அதுவரை அவன் ஆணி அடித்து நான் பார்த்ததில்லை.

"நம்ம வீட்டுல யாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுறதே இல்ல," என்றாள் மருமகள்.

"அதுக்குக் காரணம் மேசை இல்லாததுதான்," என்றான் மகன்.

எனக்குத் தெரிந்த காரணம் வேறு. அவன் டிவிக்கு முன்னால் சாப்பிடுவான். அவள் அடுப்படியில் நின்றபடியே முடித்துவிடுவாள். பேத்தி கட்டிலில் படுத்துக்கொண்டு எதையோ கொறிப்பாள்.

"தரையில உக்காந்தா ஒண்ணா சாப்பிட முடியாதா?" என்று கேட்டேன்.

"போட்டோவுல தரை எடுபடாது தாத்தா," என்றாள் பேத்தி.

ஆலோசகன் தொண்டையைச் செருமினான். "கடையில வாங்கினா கொள்ளையடிச்சிருவான் அத்தான். நாமளே செஞ்சா பாதிதான் ஆகும்."

அப்படி மிச்சமாகப்போகிற பாதியை வைத்து அறுக்கும் மெஷின், இழைக்கும் மெஷின், துளை போடும் மெஷின், தேய்க்கும் மெஷின் ஆகியவை முதலில் வாங்கப்பட்டன. கண்ணுக்குப் பெரிய கண்ணாடியும் வந்தது. மரம் மட்டும்தான் பாக்கி.

அளவெடுத்த நாளை நான் மறக்கமாட்டேன். என் அறை ஹாலை ஒட்டி இருக்கிறது. காற்றுக்காகக் கதவைத் திறந்து வைத்துப் படுத்திருந்தேன். மகன் ஹால் ஜன்னலோரம் டேப்பின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஆலோசகன் மறு நுனியை இழுத்துக்கொண்டு பின்னாலேயே நடந்தான். ஹாலைக் கடந்தான். என் வாசலைக் கடந்தான். என் கட்டிலைச் சுற்றிக்கொண்டு வந்தான். கடைசியில் முதுகு என் அறைச் சுவரில் முட்டியது.

"சுவர் வந்திருச்சு அத்தான்!" என்று கத்தினான்.

"தம்பி, இது என் ரூம்," என்றேன்.

"பரவாயில்ல மாமா, நீங்க படுத்துக்குங்க."

நாற்காலிக்கும் நடமாட்டத்துக்கும் தாராளமாக இடம் கழித்த பிறகு, எட்டுப் பேர் மேசை என்று முடிவாயிற்று. எங்கள் வீட்டில் இருப்பது நாலு பேர். அதைச் சொன்னேன். நெகட்டிவ் என்றார்கள்.

மரம் வந்தது. ஏதோ தொழிற்சாலைக்கு இயந்திரங்கள் வந்திறங்கிய பெட்டிகளைப் பிரித்த பழைய பலகை. எண்ணெய் நாற்றம் வீட்டைத் தூக்கியது. கால்களுக்கு மட்டும் புதுக் கட்டை வாங்கினார்கள். அந்தப் புதுக் கட்டையை மாடியில் போட்டு, என் மகன் சங்கிலியால் அடித்துக்கொண்டிருந்தான்.

"அது உன்னை என்னடா பண்ணுச்சு?"

"பழசு மாதிரி தெரியணும்பா. இப்ப பழசுக்குத்தான் மதிப்பு."

"அப்படியா? என்கிட்ட யாரும் சொல்லலையே."

லாரி ஓட்டின காலத்தில் எத்தனையோ பண்ணை வீடுகளில் சுமை ஏற்றியிருக்கிறேன். ஒன்றிலும் நான் இப்படி ஒரு மேசையைப் பார்த்ததில்லை. அவர்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டார்கள். பாவம், அவர்களுக்குப் பாணி தெரியவில்லை.

மேல்பலகைக்கு மரம் போதவில்லை. மகன் எதையும் பார்த்து அறுக்கிறவன் இல்லை. மெஷினின் சத்தம் கேட்டால் போதும், கையில் கிடைத்ததை நீட்டிவிடுவான். ஆக, அறுத்ததில் பாதி துண்டாகிவிட்டது. ஆலோசகன் வீடு முழுக்கச் சுற்றிப் பார்த்துவிட்டு என் அறை வாசலில் வந்து நின்றான். கதவைத் தட்டிப் பார்த்தான்.

"மாமா, உங்க கதவு நல்லாப் பழுத்திருக்கே!"

நான் எழுந்து தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டேன். கதவை மூடிக்கொண்டு உள்ளே என்ன செய்வீர்கள் என்று கேட்பீர்கள். ஒன்றும் செய்யமாட்டேன். ஒன்றும் செய்யாமல் இருக்கத்தான் மனிதனுக்குக் கதவு வேண்டும். தவிர, இந்த வீட்டில் என் சொல்லுக்கு அடங்கியது அது ஒன்றுதான். சாத்தினால் சாத்திக்கொள்ளும்.

மகன் சமாதானத்துக்கு வந்தான். "எங்க ஆபீஸ்ல மேலதிகாரிக்கே கதவு கிடையாதுப்பா. எல்லாம் திறந்த அமைப்புதான்."

"அவரு அங்கயேவா தூங்குறாரு?"

மகன் யோசித்தான். "மத்தியானத்துல கொஞ்சம்."

"கதவைத் தரமுடியாது," என்றேன். பேச்சு அதோடு முடிந்தது. மறுநாள் முடிவெட்டிக்கொள்ளப் போனேன். திரும்பி வந்தபோது வாசலில் பூப்போட்ட திரை தொங்கியது. என் கதவு ஹாலில் மூன்று துண்டாகக் கிடந்தது. தாழ்ப்பாளைக் கழற்றவில்லை. அது 'அழகுக்காக' அப்படியே இருக்கட்டும் என்று மருமகள் சொல்லிவிட்டாளாம். இன்றைக்கும் அந்த மேசையில் தண்ணீர் டம்ளரை வைக்க நினைப்பவர்கள் தாழ்ப்பாளைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும்.

மேசையைக் கால்மேல் நிறுத்திய நாளில்தான் விஷயம் தெரிந்தது. ஹால் முடிந்த இடத்தில் மேசை முடியவில்லை. திரையை விலக்கிக்கொண்டு என் அறைக்குள் இரண்டடி வந்து நின்றது. ஜன்னல் பக்கம் தள்ளலாம் என்றால், அந்தப் பக்கம் நாற்காலி போட இடமில்லை.

ஆலோசகன்தான் முதலில் வாயைத் திறந்தான். "நம்ம அளவு சரிதான் அத்தான். வீட்டைத்தான் சின்னதாக் கட்டிட்டாங்க."

மருமகளின் முகம் மலர்ந்தது. "இதுவும் நல்லதுதான். மேசையோட தலைமாட்டு இடம் மாமாவுக்கு! கட்டில்ல உக்காந்தபடியே சாப்பிடலாம்."

மரியாதை என்றால் இதுதான் மரியாதை. ஆனால் என் வாசலை மேசை அடைத்துக்கொண்டது. பக்கத்தில் ஒரு சாண் இடம்தான் மிச்சம். அதில் என் கை போகும், நான் போகமாட்டேன். அன்றிலிருந்து கழிவறைக்குப் போக வேண்டுமென்றால் மேசைக்கு அடியில் தவழ்ந்துதான் போகிறேன். ஒருநாள் அந்தப் பக்கம் தலையை நீட்டினேன். எதிரே பேத்தி போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"தாத்தா, திரும்ப உள்ள போய் இன்னொரு தடவை வாங்க. வெளிச்சம் சரியில்ல."

"மூணடி அறுத்துடுடா," என்று மகனிடம் சொன்னேன். பரிசீலனையில் இருக்கிறது என்றான். அறுக்கும் மெஷின் பரணுக்குப் போய்விட்டது. என் கோரிக்கையும் அதன் பக்கத்தில்தான் இருந்திருக்க வேண்டும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த மேசையில் ஒருவரும் சாப்பிடவில்லை. கறை படிந்துவிடுமாம். அவன் டிவிக்கு முன்னால், அவள் அடுப்படியில், பேத்தி கட்டிலில். நான் மட்டும் தலைமாட்டில், தட்டை மடியில் வைத்துக்கொண்டு.

இந்த நிலையில்தான் என் மகனின் மேலதிகாரி குடும்பத்தோடு விருந்துக்கு வரச் சம்மதித்தார். பேத்தி எடுத்துப் போட்ட படத்தில் மேசையைப் பார்த்து மயங்கிவிட்டாராம். உடனே கூட்டம் கூட்டப்பட்டது. முதல் தடவையாக எல்லாரும் அந்த மேசையைச் சுற்றி ஒன்றாக உட்கார்ந்தார்கள். நான் கட்டிலில் இருந்தபடியே கலந்துகொண்டேன்.

"தலைமாட்டுல அவரைத்தான் உக்கார வைக்கணும்," என்றான் மகன். "அங்க கட்டில் கிடந்தா நல்லாயிருக்காது. அப்பாவுக்கு மாடியில மோட்டார் ரூமை ஒழிச்சுக் குடுத்துடலாம். தற்காலிகமா."

"நல்ல காத்து வரும் மாமா," என்றாள் மருமகள்.

"அதுக்குக் கதவு இருக்கா?" என்றேன்.

"அதுக்கு எதுக்கு மாமா கதவு? அங்கதான் யாருமே வரமாட்டாங்களே," என்றான் ஆலோசகன்.

தற்காலிகம் என்ற சொல்லை நான் அறிவேன். நெடுஞ்சாலையில் எங்களை நிறுத்தத் தற்காலிகமாக ஒரு தடுப்பு போட்டார்கள். நான் ஸ்டியரிங்கை விடும்வரை அது அங்கேயேதான் இருந்தது.

"நான் எங்கயும் போகல. மேசையை மூணடி அறு. வாசல் திறந்துக்கும்," என்றேன்.

"அறுத்தா ஆறு பேர் மேசையாயிடும்பா!"

"ஆகட்டுமே."

மகன் மேசையைத் தடவிக்கொடுத்தான். "இது கடையில வாங்கினது இல்லப்பா. என் கையால செஞ்சது. அதை அறுக்க எப்படிப்பா மனசு வரும்?"

"உன்னையும் நான் கடையில வாங்கலடா."

பேத்திகூடப் போனிலிருந்து தலையைத் தூக்கினாள். கடைசியில் ஆலோசகன் கூட்டத்தைக் காப்பாற்றினான். "மாமா, இது உணர்ச்சி. இதைத் தீர்மானத்துல எடுத்துக்க முடியாது."

நான் தலையணையை எடுத்தேன். கட்டிலிலிருந்து மேசைமேல் ஏறினேன். வாசல் நிலையைத் தாண்டி ஒரு அடியில், எங்கே அறுக்க வேண்டுமோ அங்கே முதுகை வைத்து, மல்லாக்கப் படுத்தேன்.

"ஒண்ணு மேசையை அறு. இல்ல என்னை அறு. நீயே முடிவு பண்ணு," என்றேன்.

மருமகள் "ஐயோ மாமா, பாலிஷ்!" என்றாள். மகன் எழுந்தான். பரணிலிருந்து மெஷினை இறக்கினான். ஒயரைச் சொருகினான். பெரிய கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றான்.

என் மகனை நான் குறை சொல்லமாட்டேன். மேசை செய்த காலம் முழுக்க ஒரு பலகையைக்கூட அவன் யோசித்து அறுத்ததில்லை. என் கதவை அறுத்தபோதும் நொடிகூடத் தயங்கவில்லை. அன்றைக்குத்தான், ஓடும் மெஷினைக் கையில் பிடித்தபடி, மேசையைக் கொஞ்ச நேரமும் என்னைக் கொஞ்ச நேரமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, எதை அறுப்பது என்று முதன்முதலாக நிதானித்து யோசித்தான்.