தின்னாத இருபத்து மூன்று முட்டைகள்

ஒரு காட்டில் எனக்கு முதன்முதலில் கெடுதல் செய்தது ஆமை சபாபதி. அதற்குப் பிறகு ஓணான் செய்தது. ஒரு ராணி எறும்பு செய்தது. வைத்தியர் கொக்கு செய்தது வேறு கணக்கு. ஆனால் முதலில் செய்தது சபாபதிதான். இதை யார் திருப்பிச் சொன்னாலும் வரிசை மாறாமல் சொல்ல வேண்டும்.

நான் எறும்புத்தின்னி. பெயர் கோதண்டம். அந்தக் காட்டில் என் நாக்கு போகாத எறும்புப் புற்று கிடையாது. போன கோடையில் வயிற்றில் ஒரு வலி வந்தது. கொக்கு ஒற்றைக் காலில் நின்றபடி என் வயிற்றை அலகால் தட்டிப் பார்த்தது.

"எறும்பை நிறுத்திடணும்" என்றது.

"எத்தனை நாளைக்கு ஐயா?"

"இருக்கிற நாளைக்கு."

"அப்போ எதைத் தின்கிறது?"

"பப்பாளி."

நான் பப்பாளி தின்றேன். பப்பாளியைப் பற்றி நான் எதுவும் சொல்ல விரும்பவில்லை.

அந்தச் சமயத்தில்தான் காட்டில் எறும்பு வளர்ப்பு ஒரு பொழுதுபோக்காகப் பரவியிருந்தது. மான் வளர்த்தது, முயல் வளர்த்தது. ஒரு கண்ணாடிக் குழாயில் பாதிக்குத் தண்ணீர் விட்டு, பஞ்சால் அடைக்க வேண்டும். மீதி இடத்தில் ஒரு ராணி எறும்பை விட்டு, குழாயின் வாய்க்கும் பஞ்சு வைக்க வேண்டும். ராணி முட்டையிடும். ஒரு மாதத்தில் முதல் எறும்பு வெளியே வரும் என்று சொன்னார்கள். வந்ததை நேரில் பார்த்தவர் யாரும் இல்லை. எறும்பு வளர்ப்போர் சங்கத்தின் தலைவர் சபாபதி. அதனிடம் பதினோரு குழாய்கள் இருந்தன. பதினொன்றிலும் ஒவ்வொரு ராணி தனியாக உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இந்த வருஷத்து ராணிங்க சரியில்லை" என்று சபாபதி எல்லாரிடமும் சொல்லும். போன வருஷமும் அதையேதான் சொன்னது.

எனக்கும் வளர்க்க ஆசை வந்தது. என் சம்சாரம் அஞ்சலையிடம் சொன்னேன்.

"தின்னாம சும்மா பார்க்கிறதுக்கு எதுக்குங்க எறும்பு?" என்றாள்.

"அஞ்சலை, நான் பிறந்ததிலிருந்து எறும்பு உள்ளே போறதைத்தான் பார்த்திருக்கேன். ஒண்ணே ஒண்ணு வெளியே வர்றதைப் பார்த்துட்டா போதும்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "பப்பாளி தலைக்கு ஏறிடுச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

எறும்பு வளர்க்க அனுமதி வேண்டும். அனுமதிக்குப் படிவம் வேண்டும். படிவத்துக்கு வரிசை. வரிசையின் கடைசியில் ஓணான் தணிகாசலம் உட்கார்ந்திருந்தது. அந்தக் காட்டு அலுவலகத்தில் எழுத்தர், விசாரணை அதிகாரி எல்லாம் அதுதான். ஓணானிடம் ஒரு கஷ்டம், நாம் எதைச் சொன்னாலும் அது தலையை ஆட்டிக்கொண்டே இருக்கும். சரி என்கிறது என்று நினைத்து நான் மூன்று முறை வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். நான்காம் முறைதான் அது சொன்னது:

"யோவ், நான் தலையாட்டினா தலையாட்டுறேன்னு அர்த்தம். படிவத்தைப் பூர்த்தி பண்ணாம எங்கே போய்ப் போய் வர்றே?"

படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: 'எறும்புகளுக்கும் தங்களுக்கும் இதுவரை உள்ள உறவு.' நான் பொய் சொல்கிறவன் இல்லை. 'தின்றுகொண்டிருந்தேன்' என்று எழுதினேன்.

ஓணான் அதைப் படித்துவிட்டுத் தலையாட்டியது. "இதுக்குச் சங்கத் தலைவர் சிபாரிசு எழுதணும்."

படிவத்தைச் சபாபதியிடம் கொண்டுபோனேன். எழுபது முழம் தள்ளி இருக்கும் பக்கத்து வீடு. அதன் ஓடு கவிழ்ந்து கிடந்தபோதெல்லாம் நிமிர்த்தி விட்டது நான்தான். நல்ல வார்த்தை நாலு எழுதும் என்று நம்பினேன். அது அரை நாள் எழுதியது. வாங்கிப் பார்த்தேன். 'இவரை நம்ப முடியாது. ஒரு மாதம் தினமும் முட்டைகளை எண்ணிப் பார்க்கச் சங்கத் தலைவருக்கு அதிகாரம் கொடுத்து அனுமதி வழங்கலாம்' என்று இருந்தது.

இதுதான் அந்த முதல் கெடுதல். ஓணான் அந்த நிபந்தனையோடுதான் அனுமதி கொடுத்தது.

முதல் மழைக்கு மறுநாள் காலையில், இறக்கைகளை உதிர்த்துவிட்டு வாசலில் நடந்துகொண்டிருந்த ஒரு ராணியைப் பிடித்தேன். நாக்கால் இல்லை, ஓர் இலையால். குழாயில் விட்டு, மேலே கறுப்புத் துணி சுற்றி, வீட்டின் இருட்டு மூலையில் வைத்தேன். நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எறும்பைப் பற்றி மானுக்கும் முயலுக்கும் என்ன தெரியும்? இத்தனை வருஷம் தின்றவன் நான். புற்றைத் தட்டினால் உள்ளே என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். வெளிச்சம் பட்டால், ஆட்டம் பட்டால், ராணி பயந்துபோய்த் தன் முட்டையைத் தானே தின்றுவிடும்.

நான்காம் நாள் சபாபதி வந்தது. காலையில் கிளம்பி உச்சி வெயிலில் வந்து சேர்ந்தது.

"துணியை எடு, கோதண்டம்."

"அண்ணே, வேண்டாம். ராணி பயப்படும்."

"ராணியா பயப்படுது, நீயா?"

துணியை அவிழ்த்தது. குழாயை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்தது. ஒரு குலுக்குக் குலுக்கி எண்ணியது. "பதினாலு" என்று எழுதிக்கொண்டு போனது. சாயங்காலம் வீடு போய்ச் சேர்ந்தது. மறுநாள் காலையில் மறுபடி கிளம்பியது.

அன்றைக்கு ஒன்பது. அதற்கு அடுத்த நாள் நான்கு. அதற்கும் மறுநாள் ராணி மட்டும் வாயைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

சபாபதி என் வாயைப் பார்த்தது.

"அண்ணே, நீங்க எண்ணுறதாலதான் குறையுது" என்றேன்.

"எண்ணினா குறையுமா? நான் முப்பது வருஷமா எண்ணிக்கிட்டு இருக்கேன்!"

"உங்க பதினோரு குழாயிலும் எத்தனை எறும்பு வந்துச்சு?"

சபாபதி கணக்குத் தாளை மடித்துக்கொண்டது. நேராக அலுவலகத்துக்குப் போனது. நேராகப் போயும் இரண்டு நாள் ஆனது.

விசாரணை அலுவலக வாசலில் நடந்தது. மானும் முயலும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தன. குழாய் மேஜை மேல் இருந்தது. எனக்காகப் பேச அஞ்சலை வந்திருந்தாள்.

"ஐயா, எங்க வீட்டுக்காரர் பப்பாளியைத் தவிர எதையும் தொடலை" என்றாள். "கொட்டையைக்கூட எண்ணிப் போட்டிருக்கேன்."

ஓணான் தலையாட்டியது. நம்பிக்கையோடு நான் எழுந்தேன்.

"ஐயா, முட்டையைத் தின்னது ராணியேதான். வெளிச்சத்துல வச்சா எந்த ராணியும் தின்னும்."

கூட்டம் கொதித்துவிட்டது.

"பெத்தவளைப் பார்த்து இப்படியா பேசுறது!" என்றது மான்.

"இவனுக்கு நாக்கு மட்டும்தான் நீளம்னு நினைச்சேன்" என்றது முயல்.

ஓணான் குழாய்ப் பக்கம் குனிந்தது. "அம்மா, நீங்களே சொல்லுங்க. உங்க முட்டைகளைத் தின்னது யாரு?"

ராணி எறும்பு எல்லாரையும் ஒருமுறை பார்த்தது. எனக்கு அதன்மேல் நம்பிக்கை இருந்தது. இலையில் ஏந்தி வந்தவன் நான். பஞ்சு காய்கிறதா என்று மோந்து பார்த்துக் காத்தவன் நான். ராணி மெல்லிய குரலில் சொன்னது:

"யாரோ ஒரு பெரிய வாய்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் வாயில் ஒரு கொட்டைப்பாக்கு நுழையாது. பல் ஒன்றுகூடக் கிடையாது. வாயைத் திறந்து காட்டினேன். "ஐயோ, எங்களையும் தின்னப் பார்க்கிறான்!" என்று முயல் பெஞ்சுக்கு அடியில் போய்விட்டது.

தீர்ப்பு வந்தது. பதினான்கு முட்டைகளைத் தின்ற குற்றத்துக்காக நான் ஒரு மாதம் மூக்கில் தொன்னை கட்டிக்கொண்டு நடமாட வேண்டும். முடிச்சின்மேல் அலுவலக முத்திரை. சாப்பாட்டு வேளையில் மட்டும் ஓணான் முன்னால் அவிழ்க்கலாம். ராணி எறும்பு, பாதுகாப்புக்காகச் சபாபதி வீட்டில் இருக்கும்.

தொன்னையோடு நடந்தேன். குட்டி மான்கள் பின்னாலேயே வந்து, "தாத்தா, உள்ளே சுண்டல் இருக்கா?" என்று கேட்டன. நான் பொறுத்துக்கொண்டேன். அந்த ராணி அங்கே மறுபடி முட்டையிடும், சபாபதி ஒரு வாரமாவது சும்மா இருக்கும், ஒரு எறும்பு வெளியே வரும், வேலி ஓரமாக நின்றாவது பார்த்துவிடலாம் என்று ஒரு எண்ணம்.

சபாபதிக்கு இப்போது நடக்கிற வேலையும் இல்லை. குழாய் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நாளுக்குப் பத்து முறை வெயிலில் பிடித்து எண்ணியது. முதலில் ஒன்பது முட்டை. நான்கே நாளில் ஒன்றும் இல்லை.

மறுபடி விசாரணை. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்.

"ஐயா, நல்லாப் பாருங்க" என்று தொன்னைக்குள் இருந்தபடியே சொன்னேன். "முத்திரை உடையலை. நான் அந்த வீட்டுக்குள்ளே போகலை. இப்பவாவது புரியுதா?"

ஓணான் முத்திரையைச் சோதித்தது. தலையாட்டியது. பிறகு என் நாக்கை நீட்டச் சொல்லிக் கயிற்றால் அளந்தது.

"நாக்கு ஒரு முழம். ரெண்டு வீட்டுக்கும் நடுவுல எழுபது முழம்."

"அதைத்தான் ஐயா நானும் சொல்றேன்!"

"மீதி அறுபத்தொன்பது முழத்தை எப்படிச் சமாளிச்சேன்னு நீதான்யா விளக்கணும்."

"நான் எதுக்கு விளக்கணும்?"

"விளக்கம் தர மறுக்கிறார்" என்று எழுதிக்கொண்டது. "அலுவலக முத்திரையோட தின்னதால குற்றம் இன்னும் பெரிசு."

சபாபதி பக்கத்தில் நின்று, "ஆள் சாமர்த்தியசாலி சார்" என்று எடுத்துக் கொடுத்தது. இன்னொரு மாதம் தொன்னை.

இரண்டு மாதமும் முடிந்தது. ஓணான் முடிச்சை அவிழ்த்து என் கையில் ஒரு தாள் கொடுத்தது. எனக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். அதனால் மற்றவர்கள் விட்டுவிடுகிற வார்த்தையெல்லாம் எனக்கு அகப்படும். அதில் இப்படி இருந்தது: 'எறும்பு முட்டைகள் இருபத்து மூன்று தின்றதற்கு உண்டான தண்டனையை, குறைவில்லாமல் முழுமையாக இவர் அனுபவித்துவிட்டார் என்று சான்றளிக்கப்படுகிறது.'

நான் அலுவலக வாசலிலேயே உட்கார்ந்து அதை நான்கு முறை படித்தேன். ஐந்தாம் முறை ஓணானிடம் கேட்டேன்.

"ஐயா, ஒருத்தன் தின்னா அதுக்கு இவ்வளவு தண்டனை. சரிதானே?"

தலையாட்டியது.

"நான் தண்டனையை முழுசா முடிச்சுட்டேன். சரிதானே?"

தலையாட்டியது.

"அப்போ தின்கிறது மட்டும்தான் இன்னும் நடக்கலை. சரிதானே?"

தலையாட்டல் நின்றுவிட்டது. ஓணான் தலையாட்டாமல் இருந்ததை அந்தக் காட்டில் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

அங்கிருந்து நேராகச் சபாபதி வீட்டுக்குப் போனேன். அது வெயிலில் குழாயைப் பிடித்து எதையோ எண்ணிக்கொண்டிருந்தது.

"அண்ணே, என் இருபத்து மூணு முட்டையை எடுத்து வையுங்க" என்றேன். தாளை விரித்துக் காட்டினேன்.

"என்னது?"

"தண்டனை வாங்கியாச்சு. சரக்கு வரலை."

"யோவ் கோதண்டம், பைத்தியமா உனக்கு? உனக்கு எறும்பே ஆகாதுன்னு கொக்கு சொல்லியிருக்கே!"

"தின்பேனா, வீட்ல வச்சு வளர்ப்பேனா, அது என் இஷ்டம். முதல்ல கொடுங்க."

"எங்கிட்ட ஏதுய்யா முட்டை? பன்னிரண்டு குழாயிலும் ஒண்ணுகூட இல்லை."

"எண்ணுறதை நிறுத்துங்க, வரும்."

சபாபதி குழாயைக் கீழே வைத்தது. என்னைப் பார்த்தது, தாளைப் பார்த்தது, பிறகு தலையையும் நான்கு கால்களையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. அது உள்ளே போய் இன்றைக்குப் பதினேழு நாள் ஆகிறது. நான் தாளோடு எதிரே உட்கார்ந்திருக்கிறேன். அஞ்சலை பப்பாளியை இங்கேயே கொண்டுவந்து தருகிறாள்.

நீதி: தண்டனையை முதலில் அனுபவித்து முடித்தவனுக்கு, அந்தத் தப்பு பாக்கி வர வேண்டியிருக்கிறது. அதைக் கொடுக்காமல் ஓட்டுக்குள் போவதற்கு எந்த ஆமைக்கும் உரிமை இல்லை.